அப்பாவின் ஆம்ப்ளிஃபயரில் வைஃபை வழியாகப் பாட்டு: 800 வெள்ளி போன கதை

பழைய ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் நல்ல நிலையில் இருக்கின்றன, கைப்பேசியிலிருந்து கம்பியில்லாமல் அதில் பாட்டு கேட்டால் போதும் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "ஒரு சின்னப் பெட்டி வாங்கிச் சொருகு, அவ்வளவுதான்" என்றுதான் கேட்ட இடத்திலெல்லாம் சொன்னார்கள். எனக்கு 800 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) மேல் செலவானது. விடுமுறை நாள்கள் கணக்கில்லாமல் போயின. பெட்டியைப் பற்றி எல்லாரும் சொன்னார்கள். அதற்குப் போகும் மின்சாரம், வீட்டு வைஃபை, எர்த் கம்பி, மழைக்கால இடி இவற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் பணம் போனது பெரும்பாலும் அந்த நான்கில்தான்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். அப்பா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பிறகும் அங்கேயே வேலை பார்த்து, ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைவிட்டு வெளியேறித் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இந்த வரிசை வீட்டுக்கு வந்தோம். வந்த வருடமே கையிலிருந்த பணத்தில் ஆசைப்பட்டு வாங்கியது அந்த ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கரும். சிடி பிளேயர் எப்போதோ கெட்டுவிட்டது. ஆம்ப்ளிஃபயர் மட்டும் மேலே துணி போர்த்தியபடி ஹாலில் உட்கார்ந்திருந்தது. போன வருடம் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை ஆனது. ஹாலிலேயே கட்டில் போட்டோம். கைப்பேசியில் பாட்டு வைத்துக் கொடுத்தால், "தகர டப்பா மாதிரி இருக்கும்மா, நம்ம பெட்டியில போடேன்" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. நான் செம்பனை ஆலை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் இல்லை.

முதலில் வாங்கியது 45 வெள்ளிக்கு ஒரு புளூடூத் ரிசீவர். பாட்டு வந்தது, அப்பாவுக்கும் சந்தோஷம். ஆனால் யார் கைப்பேசியிலிருந்து பாடுகிறதோ அவருக்கு அழைப்பு வந்தால் பாட்டு நின்று மணிச் சத்தம் ஸ்பீக்கரில் அலறும். கைப்பேசியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனால் பாட்டு விட்டு விட்டு வரும். புளூடூத்துக்குப் பொதுவாகச் சொல்லும் தூரம் 10 மீட்டர், அதுவும் நடுவில் சுவர் இல்லாதபோது. எங்கள் வீட்டில் ஹாலுக்கும் அடுப்படிக்கும் இடையில் இரண்டு செங்கல் சுவர். நான் வேலைக்குக் கிளம்பினால் பாட்டும் என்னோடு கிளம்பிவிடும். ஒருவர் மட்டும் உட்கார்ந்த இடத்தில் கேட்பதற்குப் புளூடூத் போதும். வீட்டில் எல்லாரும் பயன்படுத்த, கைப்பேசி எங்கே போனாலும் பாட்டு நிற்காமல் ஓட, வைஃபை வழியாக வாங்கிப் பாடும் பெட்டிதான் வேண்டும்.

அப்படி ஒரு வைஃபை ரிசீவரைப் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் 180 வெள்ளிக்கு வாங்கினேன். எந்த நிறுவனத்துப் பொருள் என்று சொல்லப் போவதில்லை, சொல்லவும் தேவையில்லை. "விளக்கு எரியுது, நல்லாதான் இருக்கு" என்றார். வீட்டில் மாட்டினால் விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. இணையத்தில் தேடினால் பலரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: உள்ளே இருக்கும் பவர் சப்ளையில் கெப்பாசிட்டர் உப்பிவிடும், திறந்து மாற்றினால் சரியாகிவிடும், ஐந்து வெள்ளிச் செலவுதான். படங்களோடு போட்டிருந்தார்கள். நான் திறக்காமல் ஈப்போவில் ரேடியோ ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவரிடம் எடுத்துப் போனேன். முப்பது கிலோமீட்டர் போய்வரும் அலுப்பைப் பார்க்காமல் போனது எவ்வளவு நல்லது என்று அங்கே தெரிந்தது.

அவர் மூடியைத் திறந்து, உள்ளே கட்டைவிரல் அளவு இருந்த ஒரு கறுப்பு உருளையைக் காட்டினார், அதுதான் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர். பிளக் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி, ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரம் கழித்து, மீட்டரின் இரண்டு முனையையும் அதன் கால்களில் வைத்தார். 200 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. சுவரில் இருந்து பிளக்கைக் கழற்றிய பிறகும்! நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், அதை நேர் மின்னோட்டமாக மாற்றும்போது அந்த உருளையில் 325 வோல்ட் வரை ஏறி நிற்கும் என்றார். போர்டு கெட்டுப்போய் மின்சாரத்தை இழுக்காமல் விட்டால், அந்த மின்சாரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே கிடக்குமாம். அவர் ஒரு ரெசிஸ்டரை இரண்டு காலுக்கும் குறுக்கே வைத்துப் பிடித்து, மீட்டரில் எண் இறங்கி இறங்கி பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் கை வைத்தார். அந்தப் படம் போட்டவர்கள் ஒருவர்கூட இதை எழுதவில்லை. சுவர் மின்சாரம் நேரடியாக உள்ளே போகும் எந்தப் பெட்டியையும், பழக்கமில்லாதவர்கள் திறக்கவே வேண்டாம். ஐந்து வெள்ளி மிச்சம் பிடிக்கும் இடம் இது இல்லை. மாற்றம் செய்து பார்க்கும் ஆசை இருந்தால், வெளியே தனி அடாப்டர் இருந்து, பெட்டிக்குள் 5 வோல்ட்டோ 12 வோல்ட்டோ மட்டும் போகிற பொருளில் செய்யுங்கள்.

60 வெள்ளி கூலி கொடுத்து எடுத்து வந்தேன். பெட்டி உயிரோடு எழுந்தது. ஆனால் அதை வீட்டு வைஃபையில் சேர்க்க ஒரு செயலி வேண்டும், அந்தச் செயலி முதலில் நிறுவனத்தின் சர்வரில் கணக்குத் திறக்கச் சொல்கிறது, சர்வரோ மூடிப் பல காலம் ஆகிவிட்டது. பெட்டியில் ஒரு குறையும் இல்லை, ஆனால் பாடாது. அன்றைக்கு ராத்திரி எனக்கு அழுகையே வந்துவிட்டது. 240 வெள்ளி போனதைவிட, காலையிலிருந்து "வந்துடுச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்கு என்ன சொல்வது என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தேன். இந்த வகைப் பெட்டிகள் சந்தைக்கு வருவதும் நிற்பதும் சகஜம். லாஜிடெக்கின் ஸ்க்வீஸ்பாக்ஸ் 2012-இல் நின்றது, ஆப்பிளின் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் 2018-இல், கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ 2019-இல். தயாரிப்பு நின்றதாலேயே ஒரு பெட்டி வீணாகிவிடாது. ஸ்க்வீஸ்பாக்ஸுக்கான நிறுவனத்தின் இணையச் சேவை 2024-இல் மூடப்பட்டது, ஆனாலும் அதற்கான சர்வர் மென்பொருள் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது என்பதால், வீட்டிலேயே ஒரு கணினியில் அதை ஓட்டி இன்றும் பலர் பாட்டு கேட்கிறார்கள். ஆகவே பழைய ரிசீவர் வாங்கும்முன் கேட்க வேண்டிய கேள்வி "எந்த வருடத்துப் பொருள்?" என்பதைவிட, "இணையத் தொடர்பு அறுந்தாலும், நிறுவனமே இல்லாமல் போனாலும், வீட்டு வைஃபைக்குள் இது பாடுமா?" என்பதுதான். விற்கிறவர் தன் கைப்பேசியில் இணைத்து உங்கள் கண்முன் பாடவைக்கட்டும், பிறகு அழித்துவிட்டு உங்கள் கைப்பேசியில் புதிதாகச் சேர்த்துக் காட்டட்டும். இரண்டாவதைச் செய்ய மறுத்தால் வாங்காதீர்கள்.

சரி, யார் சர்வரையும் நம்பாமல் நாமே ஒன்று செய்வோம் என்று ராஸ்ப்பெரி பை பக்கம் வந்தேன். உள்ளங்கை அளவு கணினிப் பலகை அது. பழைய பை 3 ஒன்று 150 வெள்ளிக்குக் கிடைத்தது. அதிலேயே ஹெட்ஃபோன் துளை உண்டு, ஆனால் அதில் வரும் ஒலி சுமார்தான், பாட்டின் பின்னால் இரைச்சல் கேட்கும். அதனால் டாக் என்ற தனி ஒலிப் பலகை வேண்டும். நான் வாங்கியது பிசிஎம் 5102 சில்லு வைத்த ஊதா நிறப் பலகை, 25 வெள்ளி. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 500 வெள்ளிக்குக் குறைந்த பொருளுக்கும் 2024 ஜனவரியிலிருந்து 10 விழுக்காடு விற்பனை வரி சேரும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கம்பிகள்தான் இணைக்க வேண்டும்: பையின் 2-ஆம் ஊசியிலிருந்து 5 வோல்ட், 6-ஆம் ஊசியிலிருந்து கிரவுண்ட், 12-இலிருந்து பிசிகே, 35-இலிருந்து எல்சிகே, 40-இலிருந்து டிஐஎன் (கடைசி மூன்றும் டாக் பலகையில் எழுதியிருக்கும் பெயர்கள்). பையின் அமைப்புக் கோப்பில் ஹைஃபைபெரி டாக் என்ற ஓவர்லேயை (எந்தப் பலகை மாட்டியிருக்கிறது என்று பைக்குச் சொல்லும் வரி) சேர்த்து, உள்ளே இருக்கும் ஒலியை அணைத்துவிட வேண்டும்.

எல்லாம் செய்தும் சத்தமே இல்லை. கம்பியை மாற்றிப் பார்த்தேன், மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினேன், வேறு ஆம்ப்ளிஃபயரில் போட்டுப் பார்த்தேன். விற்ற கடைக்கு எழுதினால், "எங்கள் பலகை நன்றாக இருக்கிறது, உங்கள் கணினியைப் பாருங்கள்" என்று பதில். விஷயம் பலகையின் பின்பக்கம் இருந்தது. 1 முதல் 4 வரை எண் போட்ட நான்கு இடங்களில் சின்னச் சின்ன ஈயப் புள்ளிகள் இருக்கும், ஒவ்வொன்றையும் எல் பக்கமோ எச் பக்கமோ ஈயம் வைத்துச் சேர்க்க வேண்டும். 1, 2, 4 மூன்றும் எல் பக்கம், 3 மட்டும் எச் பக்கம். மூன்றாவதுதான் ஒலியை ஊமையாக்கும் சுவிட்ச். அது எச் பக்கம் சேராவிட்டால் தலைகீழாக நின்றாலும் சத்தம் வராது. முன்பக்கம் எஸ்சிகே என்ற ஊசியின் அருகே இன்னொரு ஜோடிப் புள்ளி இருக்கும், அதையும் ஈயத்தால் சேர்த்து கிரவுண்டோடு இணைக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டுக்குப் பதில் கரகரப்பு வரலாம். சில பலகைகளில் இவை சேர்த்தே வருகின்றன, என்னுடையதில் ஒன்றுகூடச் சேரவில்லை. பலகையோடு ஒரு துண்டுத்தாள்கூட வரவில்லை. உங்களுக்கு வந்ததும் முதலில் பூதக்கண்ணாடி வைத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். சோல்டரிங் பழக்கம் இல்லையென்றால் கைப்பேசி பழுது பார்க்கும் கடையில் ஐந்து நிமிடத்தில் செய்து தருவார்கள். எனக்குப் பக்கத்துத் தெருக் கடை அண்ணன் காசு வாங்காமல் செய்து கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாட்டியதும் பாட்டு வந்தது. அப்பா கட்டிலில் இருந்தபடியே கையைத் தூக்கி, "அப்படியே விடு, குறைக்காதே" என்றார்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. பாட்டு அவ்வப்போது ஒரு நொடி விக்கும். இணைய வேகம் என்றார்கள், மென்பொருள் என்றார்கள். நான் கண்டுபிடித்தது பை பலகையின் ஓரத்தில் இருக்கும் சிவப்பு விளக்கைப் பார்த்து. பை 3-இல் அந்த விளக்கு எப்போதும் நிலையாக எரிய வேண்டும். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது அணையும். பாட்டு விக்கும் ஒவ்வொரு முறையும் விளக்கு கண் சிமிட்டியது. பைக்கு 20 வெள்ளிக்கு வாங்கிய கைப்பேசி சார்ஜர்தான் போட்டிருந்தேன், பலகையை விற்றவரும் அதுவே போதும் என்றார். பை 3 கேட்பது 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர். கைப்பேசி சார்ஜர்கள் பலவற்றில் அவ்வளவு வராது, வந்தாலும் நீளமான மெல்லிய கேபிளிலேயே அரை வோல்ட் தொலைந்துவிடும். கம்பி பிரிக்காமல் கேபிள் சேர்ந்தே வரும் அசல் அடாப்டர் 45 வெள்ளி. சிரிம் (தரச் சான்று) ஒட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன், மாட்டியதும் விக்கல் நின்றது. யாராவது என்னிடம் இப்போது கேட்டால், பலகையை வாங்கும்முன் அடாப்டரை வாங்கு என்றுதான் சொல்வேன். விலை உயர்ந்த டாக் பலகையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் அடாப்டரைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் எனக்கு எத்தனையோ ராத்திரி மிச்சமாகியிருக்கும்.

அடுத்தது வைஃபை. ஐஃபோனிலிருந்து பாட்டு அனுப்ப ஷேர்போர்ட் சிங்க் என்ற இலவச மென்பொருளை ஏற்றியிருந்தேன், பெட்டி ஏர்பிளே (ஐஃபோன் வைஃபையில் பாட்டு அனுப்பும் முறை) கருவியாகத் தெரிய வேண்டும். என் கைப்பேசியில் தெரிந்தது, தம்பி வீட்டுக்கு வந்தால் அவன் கைப்பேசியில் தெரியாது. இரண்டும் ஒரே வைஃபை என்றுதான் நினைத்தோம். ஆனால் ரூட்டரில் விருந்தாளிகளுக்கென்று தனி நெட்வொர்க் ஒன்று இருந்தது, அவன் கைப்பேசி அதில் இருந்தது. விருந்தாளி நெட்வொர்க்கில் இருக்கும் கருவிகள் வீட்டில் உள்ள மற்ற கருவிகளைப் பார்க்க முடியாதபடி ரூட்டரே தடுத்துவிடும். அது பாதுகாப்புக்காக வைத்தது. ஆனால் இந்த மாதிரிப் பெட்டிகள் "நான் இங்கே இருக்கிறேன்" என்று வீட்டு நெட்வொர்க் முழுக்கக் கூவித்தான் தங்களைக் காட்டிக்கொள்ளும், கூவல் போகாவிட்டால் பெட்டியே இல்லாதது போலத்தான். பெட்டி காணவில்லையென்றால் மென்பொருளைத் தொடும்முன் இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அப்புறம் அழகுக்காக 40 வெள்ளிக்கு ஓர் அலுமினியப் பெட்டி வாங்கிப் பையை அதற்குள் வைத்தேன். அன்றிலிருந்து பாட்டு அறுந்தது. பையின் வைஃபை ஆன்டெனா பலகையிலேயே ஒரு மூலையில் இருக்கிறது, உலோகப் பெட்டி அதை நான்கு பக்கமும் அடைத்துவிடுகிறது. பிளாஸ்டிக் பெட்டியே போதும், கிடைக்காவிட்டால் மூடியில்லாமல் வைத்தாலும் நல்லது. இன்னொன்று, பையின் வைஃபை சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சப்படுத்தத் தூங்கப் போகும், பாட்டு வரும்போது சில சமயம் எழத் தாமதிக்கும். அந்தத் தூக்கத்தை அமைப்பில் நிறுத்திவிடலாம், நிறுத்தியதும் பெரிய வித்தியாசம் தெரிந்தது. என்னுடைய பை 3-இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் உண்டு. எங்கள் வரிசையில் வீட்டுக்கு வீடு ரூட்டர், எல்லாம் அதே அலைவரிசையில். ரூட்டரில் சேனலை 1, 6, 11 என்ற மூன்றில் கூட்டம் குறைந்ததாகப் பார்த்து மாற்றுங்கள், தானாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்று விடாதீர்கள். பயன்படுத்தாத புளூடூத்தையும் பையில் அணைத்துவிடுங்கள், வைஃபையும் அதுவும் ஒரே சில்லில் ஒரே அலைவரிசையில் ஓடுகின்றன.

ஆம்ப்ளிஃபயர் பக்கம் ஒரே ஓர் எச்சரிக்கை. பின்னால் ஃபோனோ என்று எழுதிய துளை காலியாக இருந்தாலும் அதில் சொருக வேண்டாம். அது இசைத்தட்டு ஊசிக்கானது, மிகச் சின்ன சிக்னலை நூறு மடங்கு அளவுக்குப் பெருக்கும். டாக் பலகை தருவது 2 வோல்ட் அளவு, அது ஃபோனோவுக்குள் போனால் காது கிழியும், ஸ்பீக்கர் கோனும் போகலாம். சிடி, ஆக்ஸ், டேப் இன் என்று எழுதிய எதுவானாலும் சரி.

இனி எனக்கு இன்றும் கோபம் வரும் இடம். எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு ஸ்பீக்கரில் "ம்ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம். பாட்டு ஓடும்போது தெரியாது, நின்றால் கேட்கும், ராத்திரியில் அப்பாவைத் தூங்கவிடாது. ஊரில் ஒரு எலக்ட்ரிக் கடையில் கேட்டேன். "ஆம்ப்ளிஃபயர் பிளக்ல எர்த் கம்பியை வெட்டிடுங்க, நின்னுடும்" என்றார்கள், ஏதோ உப்பு கொஞ்சம் குறைச்சுப் போடுங்க என்பது போல. நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் உலோக உடம்புள்ள ஆம்ப்ளிஃபயருக்குள் எப்போதாவது 230 வோல்ட் கம்பி நழுவி உடம்பில் பட்டால், அதை மண்ணுக்குள் இழுத்துப் போய் ஃபியூஸையோ டிரிப்பையோ தட்டுவது அந்த எர்த் கம்பிதான். அது இல்லையென்றால் அதைத் தொடுகிற முதல் ஆள் வழியாகத்தான் மின்சாரம் மண்ணுக்குப் போகும். கட்டிலில் படுத்தபடி கையை நீட்டி வால்யூமைத் திருப்புகிறவர் என் அப்பா. அந்தக் கடையின் படியை நான் மறுபடி மிதிக்கவில்லை. யார் சொன்னாலும், எவ்வளவு அனுபவமுள்ளவர் சொன்னாலும், எர்த்தை வெட்டாதீர்கள்.

ரீங்காரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. எல்லாக் கம்பிகளையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள், எதைச் சேர்த்ததும் வருகிறதோ அதுதான். எங்கள் வீட்டில் அது டிவி. டிவியின் ஒலியும் ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது, டிவிக்கு மேலே கூரையில் இருக்கும் சாட்டிலைட் தட்டிலிருந்து ஒரு கேபிள் வருகிறது. தட்டு ஒரு வழியாக மண்ணைத் தொடுகிறது, ஆம்ப்ளிஃபயர் தன் எர்த் வழியாக மண்ணைத் தொடுகிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு வளையம் உண்டாகி அதில் நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஓடுகிறது. சாட்டிலைட் கேபிளை டிவியிலிருந்து கழற்றினேன், அமைதி. தீர்வு 25 வெள்ளிக்குக் கிடைக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர், உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள்தான். டிவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் அதைப் போட்டதும் ரீங்காரம் போனது. பாஸ் (அடித்தொனி) கொஞ்சம் குறைகிறது, டிவி செய்திக்கு அது போதும். பாட்டு வரும் வழியில் அதைப் போட வேண்டாம்.

கடைசி அடி அக்டோபர் மழையில் விழுந்தது. வைஃபை சரியாகும்முன், பாட்டு அறுவதைத் தாங்க முடியாமல், ரூட்டரிலிருந்து பை வரை சுவரோரமாக நீளமான லான் கேபிள் இழுத்திருந்தேன். கம்பி போட்டால் நிம்மதி என்றுதான் எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள், இடி குறைவான நாடுகளில் அது சரிதான். நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானம் வெயில் கொளுத்தி, நாலு மணிக்கு மேல் வானம் இருண்டு இடி இறங்கும். அன்றைக்கு நான் ஆலையில் இருந்தேன். பின்னால் எங்கோ இடி விழுந்தது, மின்சாரம் போய் வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் ரூட்டர் செத்துக் கிடக்கிறது. வெளியிலிருந்து வருவது ஃபைபர், கண்ணாடி இழை, அதில் மின்சாரம் வராது. ஆனால் ரூட்டரின் அடாப்டர் சுவரில் இருக்கிறது, அங்கிருந்து லான் கேபிள் வழியாகப் பைக்கும் போயிருக்கிறது. ரூட்டருக்கு 160 வெள்ளி. பையில் லான் துளையும் யூஎஸ்பி துளைகளும் சேர்ந்தே போயின, பை 3-இல் அவை இரண்டையும் ஒரே சில்லு பார்த்துக்கொள்கிறது. வைஃபை தனிச் சில்லு என்பதால் அது தப்பியது. டாக் பலகையும் தப்பியது. அதே பலகைதான் இன்றும் எங்கள் வீட்டில் பாடுகிறது.

அதன் பிறகு நீளமான கேபிளை எடுத்துவிட்டேன். 60 வெள்ளிக்கு சர்ஜ் (திடீரென ஏறும் மின்னழுத்தம்) பாதுகாப்புள்ள நீட்டிப்புக் கட்டை வாங்கி ரூட்டர், பை, ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் அதில் சேர்த்தேன். ஆனால் பக்கத்தில் விழும் இடிக்கு அந்தக் கட்டை ஈடுகொடுக்காது. வானம் இருண்டால் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். அம்மாவுக்குப் பழக்கிவிட்டேன். ஒரே கட்டையில் எல்லாம் இருப்பதால் ஒரே பிளக்தான்.

அதில் இன்னொரு சிக்கல் இருந்தது. பை ஒரு கணினி, ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கினால் எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நின்று கார்டு கெட்டுப்போகலாம். அதற்கு வழி உண்டு. எல்லாம் சரியாக ஓடத் தொடங்கிய பிறகு, பையின் அமைப்புப் பட்டியலில் செயல்திறன் பகுதியில் ஓவர்லே கோப்பு முறை என்று ஒன்று இருக்கும், அதை இயக்கிவிட்டால் கார்டில் எதுவும் எழுதப்படாது, எப்போது வேண்டுமானாலும் பிடுங்கலாம். பிறகு ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் அதை அணைத்து, மாற்றி, மறுபடி இயக்க வேண்டும். அதைச் செய்யும்முன் கார்டை அப்படியே இன்னொரு கார்டில் நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.

இப்போது எப்படி ஓடுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். ஐஃபோன் வைத்திருப்பவர்கள் ஏர்பிளேயில் அனுப்புகிறோம். அழுத்தினால் ஓரிரண்டு நொடி கழித்துத்தான் பாட்டு வரும், அது கோளாறு இல்லை, விக்காமல் ஓட முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஆனால் இதனால் சில செயலிகளில் வீடியோ பார்த்தால் வாய் ஒரு பக்கம் ஒலி ஒரு பக்கம் போகலாம். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கு ஏர்பிளே கிடையாது, அவர்களுக்காக ஸ்பாட்டிஃபை பாட்டை வாங்கிப் பாடும் லிப்ரெஸ்பாட் என்ற மென்பொருளை ஏற்றினேன், ஸ்பாட்டிஃபை பிரீமியம் கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் அது வேலை செய்யும். அம்மாவுக்குக் கைப்பேசியே வேண்டாம். பிளக் போட்டுப் பை எழுந்ததும் எம்பிடி என்ற மென்பொருள் தானாக மின்னல் எஃப்எம் வானொலியை இணையத்திலிருந்து எடுத்துப் பாட ஆரம்பிக்கும்படி வைத்திருக்கிறேன். வானொலிகளின் ஒலிபரப்பு முகவரி அவ்வப்போது மாறும். ஒருநாள் திடீரென்று வானொலி மட்டும் மௌனமாகி மற்றதெல்லாம் பாடினால், பெட்டியைக் கழற்றாமல் முகவரியைத் தேடுங்கள்.

அப்பா இப்போது ஊன்றுகோல் பிடித்து நடக்கிறார். காலையில் எழுந்ததும் அவரே பிளக்கைப் போடுகிறார், ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அக்காவும் இதே மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார். வாங்க வேண்டிய பொருள்களை எழுதிக் கொடுத்தேன். முதல் வரியில் அடாப்டர், இரண்டாவதில் சர்ஜ் கட்டை, மூன்றாவதில்தான் பை. ஒலிப் பலகையை அவர் வாங்கி வந்ததும் பின்பக்கத்தை நானே பார்த்து, ஈயம் வைக்க அந்த அண்ணனிடம் கொண்டுபோகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.